கிளவுடில் இருப்பது உங்கள் பாட்டா, அதே பெயருள்ள வேறு பாட்டா?

கேள்வி: வணக்கம் ஐயா. இருபது வருடமாகச் சேர்த்த பாட்டுகள் சுமார் 14,000 என் லேப்டாப்பில் இருந்தன. பாதிக்கு மேல் சிடிகளிலிருந்து நானே எடுத்தவை. கொஞ்சம் இணையத்தில் காசு கொடுத்து வாங்கியவை. ஐம்பது பாட்டு போல அப்பாவின் கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றியவை. அதில் ஒன்றில் என் பாட்டி பாடியிருக்கிறார். போன வருடம் புது போன் வாங்கியதும் ஒரு இசைச் சேவையில் சேர்ந்து கிளவுட் சிங்க்கை ஆன் செய்தேன். எல்லாப் பாட்டும் போனில் தெரிந்தன. லேப்டாப்பில் இடம் போதவில்லை. எல்லாம்தான் மேலே ஏறிவிட்டதே என்று அங்கிருந்த ஃபைல்களை அழித்துவிட்டேன். இப்போது ஒரு மேடைக் கச்சேரிப் பதிவைத் தட்டினால் அதே பாட்டின் ஸ்டூடியோப் பதிவு ஓடுகிறது. சில பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன, தட்டினாலும் ஓடுவதில்லை. ஆல்பம் படங்கள் மாறியிருக்கின்றன. பாட்டியின் பாட்டு ஓடுகிறது, ஆனால் இறக்கிப் பார்த்தால் ஃபைல் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? என் பாட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றனவா, இல்லையா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விளக்கம் அப்புறம். முதலில் சில வேலைகள், இன்றைக்கே.

சந்தாவை நிறுத்தாதீர்கள். பணம் பிடிக்கப்படும் கார்டு காலாவதியாகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க்கையும் இப்போதைக்கு அணைக்க வேண்டாம். சில சேவைகளில் போனில் அதை அணைத்த உடனே, போனில் இறக்கி வைத்த பாட்டுகளும் போய்விடும். நூலகத்திலிருந்து எதையும் நீக்காதீர்கள், சாம்பல் நிறத்தில் நிற்பவற்றைக்கூட. அந்தப் பெயர்கள்தான் உங்களிடம் என்னென்ன இருந்தன என்பதற்கு இப்போதுள்ள ஒரே பட்டியல். லேப்டாப்பில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள், பெரிய ஃபைல்களை எழுதாதீர்கள். அழித்ததில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் மேல் புதுத் தரவு விழுந்துவிடும். பாட்டியின் பாட்டை மட்டும் வேறொரு கணினியில் இறக்கி, இரண்டு தனித்தனி பென் டிரைவ்களில் போட்டு, வீட்டில் ஒன்றும் உறவினர் ஒருவரிடம் ஒன்றுமாக வையுங்கள். சுருங்கிய பிரதிதான். ஆனாலும் இன்று உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இனி நடந்தது என்ன என்று பார்க்கலாம். சேவையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நூலகத்தை இப்படிச் சிங்க் செய்யும் சேவைகள் பலவும் அடிப்படையில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்வதால் அது பெரிய குறையில்லை.

ஒருவர் 14,000 பாட்டுகளைக் கிளவுடில் ஏற்ற வேண்டுமானால், அத்தனையையும் அவர் வீட்டு இணைய இணைப்பு வழியாக மேலே தள்ள நாள்கணக்கில் ஆகும். அதே பாட்டுகள் சேவையின் கிடங்கில் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே 'இவரிடம் இந்தப் பாட்டு இருக்கிறது' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதிக்கொண்டு, கேட்கும்போது தன் கிடங்கிலிருக்கும் பிரதியை ஓட்டுவது சேவைக்கு எளிது. இது பழைய யோசனை. 2000ஆம் ஆண்டிலேயே எம்பி3.காம் என்ற தளம் இதைச் செய்தது. சிடியைக் கணினியில் போட்டுக் காட்டினால் போதும், அந்த ஆல்பம் உங்கள் கணக்கில் வந்துவிடும். ஓடுவது தளம் தானே நகலெடுத்து வைத்திருந்த பிரதி. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன, அமெரிக்க நீதிமன்றம் அதே ஆண்டில் அது பதிப்புரிமை மீறல் என்றது. பத்துப் பதினோரு ஆண்டு கழித்து, முறையான உரிமம் வாங்கிக்கொண்டு, அதே வேலையை ஆப்பிள் 'ஐடியூன்ஸ் மேட்ச்' என்ற பெயரில் 2011 நவம்பரில் கொண்டுவந்தது.

நீங்கள் சிங்க்கை ஆன் செய்த அன்று உங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்றில் ஒரு கதி நேர்ந்திருக்கும். கிடங்கில் இருக்கும் பாட்டோடு பொருந்தியிருந்தால், உங்கள் ஃபைல் மேலே போகவே இல்லை. பொருந்தவில்லையென்றால் ஃபைல் ஏற்றப்பட்டது, பெரும்பாலும் சேவைக்குப் பிடித்த வடிவத்துக்கு மாற்றப்பட்டு. இரண்டுக்கும் தகுதியில்லை என்று விடப்பட்டவையும் உண்டு. ஆப்பிளின் முறையில் 200 எம்பியைத் தாண்டிய ஃபைலோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய பதிவோ ஏறாது. அப்படி விடப்பட்டதைச் சேவை ஒரு சின்ன அடையாளத்தால்தான் காட்டும். லேப்டாப்பில் அந்த ஃபைல் இருந்தவரை அங்கே வழக்கம்போல ஓடியிருக்கும், அதனால் நீங்கள் கவனித்திருக்க வழியில்லை.

உங்கள் கச்சேரிப் பதிவு மாறிப்போன இடம் அந்த முதல் கதிதான். சேவை தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி 'இது எந்தப் பாட்டு?' என்பது. இருபது வருடம் சேர்த்தவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு: 'இது எந்தப் பதிவு?' எந்த ஆண்டில், எந்த மேடையில், எந்த வெளியீட்டில் வந்தது, மோனோவா ஸ்டீரியோவா, முதல் பதிப்பா மறுபதிப்பா. எத்தனையோ தொகுப்புகளை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றல்ல என்பதுதான் ஒவ்வொரு முறையும் வில்லங்கத்தின் வேராக இருந்திருக்கிறது. பாட்டை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு உங்கள் பிரதியும் கிடங்குப் பிரதியும் ஒன்று. உங்களுக்கு அப்படியல்ல.

பொருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டேக்கைப் பார்ப்பது, அதாவது ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் போன்ற விவரங்களை. இன்னொன்று ஒலியின் அமைப்பையே அலசி, கைரேகைபோல ஒரு 'ஒலி ரேகை' எடுப்பது. 2015இல் தொடங்கிய ஆப்பிள் மியூசிக் முதல் ஓராண்டு டேக்கை வைத்தே பொருத்தியது. கச்சேரிப் பதிவைத் தட்டினால் ஸ்டூடியோப் பதிவு ஓடுகிறது என்ற புகார் உலகம் முழுவதிலிருந்தும் வந்தது. 2016 ஜூலையில் ஒலி ரேகைக்கு மாறினார்கள். உங்கள் கச்சேரி ஃபைலில் 'மேடைப் பதிவு' என்ற குறிப்பு டேக்கில் இல்லாமல் வெறும் பாட்டுப் பெயர் மட்டும் இருந்திருந்தால், டேக்கை நம்பும் எந்தச் சேவையும் கிடங்கில் முதலில் கிடைக்கும் ஸ்டூடியோப் பதிவைத்தான் பிடித்துத் தரும்.

ஒலி ரேகை மேலானதுதான். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு, அந்த ஓட்டை அதன் திறமையிலேயே இருக்கிறது. இரைச்சல் கலந்தாலும், சுருக்கி வைத்திருந்தாலும் இது இன்ன பாட்டு என்று கண்டுபிடிப்பதற்காகவே அது உருவானது. எனவே ஒரே பாடல் பதிவின் பழைய வெளியீட்டையும், பிறகு ஒலியை உரக்க ஏற்றி மெருகிட்ட மறுபதிப்பையும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். மோனோவும் ஸ்டீரியோவும், வசைச்சொல் உள்ள பதிப்பும் அது நீக்கப்பட்ட பதிப்பும் இப்படித்தான் இடம் மாறுகின்றன. மறுபதிப்பு மட்டம் என்று சொல்லவில்லை. சில உண்மையிலேயே தெளிவானவை. ஆனால் பலவற்றில் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்து, பாட்டுக்குள் இருந்த மேடு பள்ளம் நிரவப்பட்டிருக்கும். பழைய சிடியைத் தேடி வாங்கிய ஒருவருக்கு அந்த மேடு பள்ளம்தான் வாங்கியதன் காரணம்.

ஆல்பத்தை முழுதாகக் கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். பத்துப் பாட்டில் ஏழு பொருந்தி மூன்று ஏற்றப்பட்டிருக்கலாம். பொருந்திய ஏழும் வெவ்வேறு வெளியீடுகளிலிருந்து வந்திருக்கலாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒலி அளவு குதிக்கும். இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஓட வேண்டிய இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விழும். ஆல்பம் படம் மாறுவதும் இதனால்தான். கிடங்கில் பொருந்திய வெளியீட்டின் படம் உங்கள் படத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சாம்பல் நிறத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். அந்தப் பாட்டு மேலே ஏறவே இல்லை. லேப்டாப்பில் இருந்ததுதான் ஒரே பிரதி. அல்லது அது சேவையின் பட்டியலிலிருந்து நீங்கள் சேர்த்துக்கொண்ட வாடகைப் பாட்டு, அதற்கான உரிமம் முடிந்து சேவை அதை இறக்கிவிட்டது. எது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது பாட்டியின் பாட்டு. உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் அது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத பதிவு என்பதால் அது எதோடும் பொருந்தாது. ஆகவே உங்கள் ஃபைலே ஏற்றப்பட்டது, நல்ல வேளை. ஆனால் கேசட்டிலிருந்து மாற்றும்போது வழக்கமாகக் கிடைப்பது சுருக்கப்படாத வேவ் ஃபைல். சிடித் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஆப்பிளின் முறையில் வேவ் ஃபைல் ஏறுவதற்கு முன் 256 கிலோபிட் ஏஏசியாக, அதாவது ஒலியின் ஒரு பகுதியை எறிந்து சுருக்கும் வடிவமாக, மாற்றப்படும். அது நிமிடத்துக்கு 2 எம்பிக்குக் கீழ். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கணக்கு இதுதான். கூகுளின் பழைய இசைச் சேவையும், ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைல்களை 320 கிலோபிட் எம்பி3யாக மாற்றித்தான் வைத்துக்கொண்டது. இரண்டு சேவைகளிலும் லேப்டாப்பிலிருந்த மூல ஃபைலை யாரும் தொடவில்லை. அதை அழிக்கும்வரை எந்த இழப்பும் இல்லை. உங்கள் இழப்பு சிங்க் ஆன நாளில் நேரவில்லை, இடம் காலி செய்த நாளில் நேர்ந்தது.

256 கிலோபிட்டில் கேட்டால் பாட்டியின் குரலில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்பீர்கள். கேசட்டில் எப்போதும் ஒரு 'உஸ்' என்ற இரைச்சல் உண்டு. ஒலியைச் சுருக்கும் மென்பொருள், காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டதைத் தூக்கி எறிகிறது. இரைச்சலும் குரலின் நுனிகளும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன. நாளை யாராவது நல்ல கருவியை வைத்து அந்த இரைச்சலை மட்டும் பிரித்தெடுக்க முயன்றால், சுருக்கப்பட்ட ஃபைலில் பிரிப்பது கடினம். குரல் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல ஆகிவிடும். சுருங்கியதை மறுபடி வேவாக மாற்றினால் ஃபைல் பெரிதாகும், அவ்வளவுதான். போனது திரும்பாது.

நீங்கள் ஏன் அழித்தீர்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. திரையில் எல்லாப் பாட்டும் தெரிந்தன, ஒவ்வொன்றும் ஓடியது. இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், என் தொழிலே இதுவாக இருந்தும். இசைச் சேவை அல்ல, ஃபோல்டர்களை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஒரு கிளவுட் சேவை. பயணத்துக்குக் கொண்டுபோகும் சின்ன லேப்டாப்பில் இடமில்லையென்று ஒரு ஃபோல்டரை அழித்தேன். அது வீட்டுக் கணினியிலும் அழிந்தது, மேலேயும் அழிந்தது. சிங்க் செய்வது அதைத்தானே: ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்திக்காட்டுவது. குப்பைத் தொட்டியில் 30 நாள் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள். அதில் பல, தங்கள் பதிவுகளை என்னை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் பழைய பிரதி இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அன்றிலிருந்து, யார் என்னிடம் 'கிளவுடில் பேக்கப் இருக்கிறது' என்றாலும், அது பேக்கப்பா சிங்க்கா என்று கேட்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. ஆப்பிள்கூடத் தன் உதவிப் பக்கத்தில் இசை நூலக சிங்க் ஒரு பேக்கப் சேவை அல்ல என்று எழுதியே வைத்திருக்கிறது. சிங்க்கை ஆன் செய்யும் பொத்தானுக்குப் பக்கத்தில் அந்த வரி இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மீட்பு வேலைக்கு வருவோம். 14,000 பாட்டில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஒரே இடத்திலிருந்து அல்ல.

முதலில் பட்டியல். கணினியில் உள்ள செயலியில் நூலகத்தை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கும். முழு நூலகத்தையும் பிளேலிஸ்ட்டுகளையும் ஒரு ஃபைலாக எடுத்து, லேப்டாப்பில் அல்லாமல் ஒரு பென் டிரைவில் வையுங்கள். ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள், எந்த நாளில் சேர்த்தீர்கள், எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பாட்டு ஃபைலுக்குள் இருப்பதில்லை, நூலகத்தின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். கணக்கு மூடினால் பாட்டு மிஞ்சினாலும் இவை மிஞ்சாது. இருபது வருடம் கேட்ட கணக்கு அது, சின்ன விஷயமல்ல.

அடுத்து அழித்த ஃபைல்கள். குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கணினி தானாக எடுத்த பேக்கப் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப், பழைய போன், பரணில் கிடக்கும் ஐபாட், முன்பு பாட்டுகளை எழுதிவைத்த சிடி, டிவிடி, நண்பருக்கு நகலெடுத்துக் கொடுத்த ஹார்ட் டிஸ்க், எதையும் விடாதீர்கள். முக்கால்வாசித் தொகுப்பு ஒரு பழைய போனில் தூங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்க வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும், அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

சிடிகள் இன்னும் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உங்கள் தொகுப்பில் பாதி பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி எடுங்கள், இந்த முறை ஃப்ளாக்காக. ஃப்ளாக் சுருக்கும், ஆனால் ஒரு பிட்டைக்கூட எறியாது. வேவில் ஏறக்குறையப் பாதி இடம்தான் பிடிக்கும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் இருந்தால், உங்கள் பிரதி அதே சிடியை எடுத்த மற்றவர்களின் பிரதியோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகிறதா என்று 'அக்யுரேட்ரிப்' வழியாகச் சரிபார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளை அந்தந்தக் கடைகளில் உங்கள் பழைய கணக்கில் நுழைந்து மறுபடி இறக்கிப் பாருங்கள். அந்த மின்னஞ்சல் முகவரி இப்போதும் வேலை செய்கிறதா என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

கடைசியாக மேலே இருப்பவை. போதிய இடமுள்ள வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் இறக்குங்கள், மறுபடி எடுக்கக்கூடிய சிடிப் பாட்டுகளையும் சேர்த்து. இறக்கியதும் ஃபைல் வகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஏற்றப்பட்டவை தனி, அவை உங்கள் பதிவுகளே, வடிவம் மட்டும் மாறியிருக்கலாம். பொருந்தியவை தனி, இவற்றைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். நேரம் போதாதென்றால் கால அளவை மட்டும் பாருங்கள்: பழைய பட்டியலில் 7 நிமிடம் 12 நொடி என்றிருந்தது இப்போது 4 நிமிடம் 50 நொடியானால் அது உங்கள் பதிவல்ல. வாடகைப் பாட்டுகள் மூன்றாவது குவியல். ஆப்பிளில் அவை எம்4பி என்ற முடிவோடு பூட்டுப் போட்டு வரும். சந்தா முடிந்த பிறகு ஓடாது. அவற்றை உங்கள் தொகுப்பில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சந்தாக் காலம் முடிந்ததும் வாடகைப் பாட்டுகள் போகும். மேலே ஏற்றியவையும் பொருந்தியவையும் மேலிருந்து மறையும், உங்கள் டிஸ்கில் இறக்கி வைத்த பூட்டில்லாத பிரதிகள் மட்டும் நிற்கும். ஆகவே இறக்கி, சரிபார்த்து, இரண்டாவது டிஸ்கில் நகலெடுத்து முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

நீங்களே நிறுத்தாவிட்டாலும் சேவை நிறுத்தலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கூகுளின் இசைச் சேவை முதலில் 20,000 பாட்டுகளையும், 2015 முதல் 50,000 பாட்டுகளையும் இலவசமாக ஏற்றிவைக்க இடம் தந்தது. 2020 டிசம்பரில் அது நின்றது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளவோ இறக்கிக்கொள்ளவோ 2021 பிப்ரவரி 24 வரை கெடு, அதன்பின் எல்லாம் அழிப்பு. அமேசானும் ஏற்றுவதை நிறுத்தியது, 2019 ஜனவரியோடு ஏற்றியவற்றைக் கேட்கவும் முடியாமல் போனது. இரண்டுமே முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்தன. மைஸ்பேஸில் அதுவும் இல்லை. 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளைச் சர்வர் மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019இல்தான் வெளியே தெரிந்தது.

இவ்வளவும் சொன்னதால் கிளவுட் சிங்க்கே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே போனாலும் கையிலிருக்கும் போனில் 14,000 பாட்டும் கேட்பது பெரிய சுகம், நானும் அதை அனுபவிக்கிறேன். இணையம் மெதுவாக இருந்த காலத்தில் 128 கிலோபிட் எம்பி3யாகச் சேர்த்தவை உங்களிடம் இருந்தால், பொருத்தம் அவற்றுக்கு நன்மையே செய்திருக்கும்: இறக்கினால் 256 கிலோபிட் தெளிவான பிரதி கிடைக்கும். நான் கேட்பதெல்லாம், சிங்க்குக்குக் கொடுப்பது நகலாக இருக்கட்டும் என்பதுதான்.

அதை இப்படிச் செய்யலாம். ஒரு வெளி டிஸ்கில் மூலத் தொகுப்பு. அதில் எந்த இசைச் செயலியும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. செயலிக்கு லேப்டாப்பில் வேறொரு ஃபோல்டர், மூலத்திலிருந்து நகலெடுத்தது. பாட்டுகள் எப்போதும் மூலத்திலிருந்து செயலிக்குப் போகும், திரும்பி வராது. 'சிங்க்திங்' போன்ற இலவச மென்பொருளில் ஒரு ஃபோல்டரை 'அனுப்ப மட்டும்' என்று வைக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது. மூல டிஸ்கின் நகல் இன்னொரு டிஸ்கில், அதன் நகல் வேறொரு வீட்டில். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி பாட்டுக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் சொந்த நூலகத்தைப் போனில் கேட்க இசைச் சேவைதான் வேண்டும் என்பதும் இல்லை. 'நேவிட்ரோம்', 'ஜெல்லிஃபின்' போன்ற மென்பொருள்களை வீட்டுக் கணினியில் ஓடவிட்டால் உங்கள் ஃபைலே, உங்கள் பதிப்பே, எங்கிருந்தும் ஓடும். அமைக்க ஒரு வார இறுதி தேவைப்படும்.

டேக்குகளையும் ஆல்பம் படத்தையும் ஃபைலுக்குள்ளேயே எழுதுங்கள். கச்சேரி என்றால் கச்சேரி என்று ஆல்பம் பெயரிலேயே வரட்டும், ஆண்டோடு. பாட்டின் பெயர்களைத் தமிழில் எழுதிவைத்து அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரிகின்றன என்றால், அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கக்கூடும். எழுத்துரு மாற்றியில் போட்டுத் திருப்பிவிடலாம். தானாக டேக் போடும் மென்பொருள்களை மூலத்தில் ஓடவிடாதீர்கள், நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அவையும் 'எந்தப் பாட்டு' என்றுதான் கேட்கும். ஃப்ளாக் ஃபைலுக்குள் அதன் ஒலிக்கான ஒரு சரிபார்ப்பு எண் பொதிந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்தால் எந்த ஃபைல் டிஸ்கில் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும், நல்ல நகல் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டிக்குத் திரும்புகிறேன். அப்பாவின் கேசட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் உங்கள் மூலம் அழியவில்லை. அழிந்தது அதன் ஒரு நகல்தான். கேசட் கிடைத்ததும் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். மேல் விளிம்பில் இரு ஓரத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பொத்தான் பட்டாலும் அதன் மேல் எதுவும் பதியாது. நாடாவுக்குப் பின்னால் ஒரு பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். விழுந்திருந்தால் ஒலி மங்கும், வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, வேறொரு வேண்டாத கேசட்டை ஓட்டிப் பார்த்து, நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதியான பிறகே இதைப் போடுங்கள். ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டால் நாடா சீராக இறுகும்.

பதியும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் அளவும் அதை ஒட்டியதே. நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி ஆகும், 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி. இடத்தைப் பார்க்காதீர்கள். இரைச்சலைக் குறைக்கும் எந்த வசதியும் அப்போது வேண்டாம், பிறகு நகலில் செய்துகொள்ளலாம். பாட்டி பாடும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் இரண்டு பக்கமும் முழுதாக ஓடி முடியும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். பாட்டு முடிந்த பிறகும் அவர் ஏதாவது பேசியிருக்கலாம்.